உப்புக்காற்றுக்கு ஏற்ற கணினி

பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற உப்பங்கழியோர ஊர்களில் பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கணினி பொருத்த விரும்புவோர், பிராசஸரின் வேகத்தை ஆராய்வதற்கு முன்பே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தேர்ந்துவிடுவது நல்லது. வீட்டின் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றும் இப்பெட்டி தரமற்றதாயின், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மதர்போர்டையும் சேர்த்தே பழுதாக்கிவிடக்கூடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த கடலூர்க் கடலோரத்தில், மின்சாரம் தடைபடும்போது கைகொடுக்கும் யு.பி.எஸ். ஆடம்பரமன்று. எனினும், மின்னோட்டத்தின் அலைவடிவைச் சீராக்கும் 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' சுற்றுடைய எஸ்.எம்.பி.எஸ்., சதுர அலை தரும் சில மலிவான யு.பி.எஸ்.களுடன் ஒத்துப்போகாமல், மின்சாரம் போன கணமே கணினியை அணைத்துவிடக்கூடும் என்பதால், சைன் அலை தரும் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

உப்பு கலந்த ஈரம் தூசியோடு சேர்ந்து உலோக முனைகளை அரிக்கும். ஆகவே, காற்று நுழையும் இடங்களில் கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டி உள்ள கேபினெட்டே இங்கு ஏற்றது. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்; எடுத்துக்காட்டாக, ஏ.எம்.5 பிராசஸர் சாக்கெட் உள்ள மதர்போர்டில் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே பொருந்தும். சென்னை ரிச்சி தெருவில் வாங்குவோர், பெட்டியில் அச்சிட்ட வரிசை எண் பில்லிலும் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே ஒப்பிட்டுக்கொண்டால், பின்னர் வாரண்டி கோருவது எளிதாகும்.