உப்புக்காற்றும் ட்ரோன் கண்ணாடியும்

"ட்ரோன் தலையில் விழுந்தால்தான் ஆபத்து, ட்ரோன் கேமராவின் காட்சியைப் பார்க்கக் கண்ணில் மாட்டும் காகிள்ஸ் என்ன செய்துவிடும்?" என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கும் லித்தியம் பேட்டரிதான். சில மாடல்களில் அது வயரோடு சட்டைப் பையில் கிடக்கும். டிஜேஐ நிறுவனத்தின் இன்டெக்ரா காகிள்ஸில் தலைப்பட்டையிலேயே இருக்கும். தீப்பிடித்தால் உடம்போடு ஒட்டி எரியும்.

பிளக் பொருந்தினால் எந்த பேட்டரியையும் செருகலாம் என்பது தவறு. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். இரண்டு செல் என்றால் 8.4, ஆறு செல் என்றால் 25.2. ட்ரோனின் ஆறு செல் பேட்டரியை இரண்டு செல் காகிள்ஸில் மாட்டினால் உள்ளே சர்க்யூட் கருகிவிடும். காகிள்ஸில் போட்டிருக்கும் வோல்ட் அளவைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

நம் தூத்துக்குடிக் கரைக்கு இன்னும் முக்கியமானது, நனைந்த பேட்டரியைக் காயவைத்தால் போதும் என்ற நம்பிக்கை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது வீட்டுச் சாமான்களோடு மின்சாதனங்களும் மூழ்கின. மழைநீரைவிடக் கடல்நீர் மோசம். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காயாது. பாதுகாப்பு சர்க்யூட்டின் மேல் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, மறுபடி மின்சாரத்துக்கு வழிவிடும். 2022-இல் ஃபுளோரிடாவை இயான் புயல் தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்கார்களில் சில, வெள்ளம் வடிந்து பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. வள்ளத்தில் போகும்போது அலை தெறித்து நனைந்த பேட்டரியையும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அதற்கு மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

பழைய பேட்டரியை உப்புத் தண்ணீரில் போட்டால் சார்ஜ் முழுக்க இறங்கிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். முனைகள் முதலில் அரித்துப்போகும். உள்ளே சார்ஜ் அப்படியே தங்கலாம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. உப்பிப்போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் விவரம் சொல்லி ஒப்படையுங்கள்.

வெயிலையும் மறக்க வேண்டாம். உப்பளத்து வரப்பில் காகிள்ஸை லென்ஸ் மேலே பார்க்க வைத்தால், பூதக்கண்ணாடி தாளைப் பொசுக்குவதுபோல் சூரியன் உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.

லித்தியம் பேட்டரித் தீயில் தண்ணீரே படக்கூடாது என்பதும் தவறு. இந்த பேட்டரிகளில் லித்தியம் பெரும்பாலும் உலோகமாக இல்லை, சேர்மமாக இருக்கிறது. தீ ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவாமல் தடுப்பது குளிர்ச்சிதான். ஆகவே நிறையத் தண்ணீர் ஊற்றலாம். புகை நச்சு. கூட நிற்பவர்களை விலக்கிவிட்டு 101-ஐ அழையுங்கள்.