ஃபிரிட்ஜ் குளிரவில்லையா? கேஸ் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

ஃபிரிட்ஜ் கொஞ்சம் மக்கர் செய்தாலே “கேஸ் போயிடுச்சு” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள், சில மெக்கானிக்குகளும் திறந்து பார்க்காமலே சொல்கிறார்கள். சமையல் சிலிண்டர் போல எரிந்து தீருகிற கேஸ் அல்ல இது. குழாய்களுக்குள் அடைபட்டு, கம்ப்ரசர் தள்ளத் தள்ளச் சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது ஓட்டை விழுந்தாலொழிய எத்தனை வருடமானாலும் குறையாது. எனவே கேஸைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் நாமே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

உங்களுடையது எந்த வகை?

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவை ‘டைரக்ட் கூல்’. ஃப்ரீசர் சுவரில் பனி கட்டும். நாமே பட்டனை அழுத்திக் கரைக்க வேண்டும். இரட்டைக் கதவு என்றால் பெரும்பாலும் ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’. குளிர்விக்கும் குழாய்ச்சுருளான ‘காயில்’ பின்பலகைக்குள் மறைந்திருக்கும், ஒரு சின்ன ஃபேன் குளிர்காற்றை எல்லா அறைக்கும் அனுப்பும், பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது கரைக்கும். வகையைப் பொறுத்து நோயும் மாறும்.

உள்ளேயோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் லேபிளில் கேஸின் பெயரையும் பார்த்து வையுங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. ஆர்-134ஏ என்பது அதற்கு முந்தைய தலைமுறை.

பிளக்கைப் பிடுங்காமல் பின்மூடியைக் கழற்றக்கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

படி 1: மின்சாரம்

கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அதே பிளக் பாயின்ட்டில் மிக்ஸியையோ டேபிள் ஃபேனையோ போட்டுப் பாருங்கள். சாக்கெட் கருகியிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். ஸ்டெபிலைசர் இருந்தால், கரன்ட் வந்ததும் சில நிமிடம் அது வேண்டுமென்றே சப்ளையை நிறுத்தி வைக்கும். அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்ரசர் நின்ற உடனே மறுபடி ஓட்டினால் குழாயில் அழுத்தம் சமமாகாமல் திணறும். ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில் பிளக்கைப் பிடுங்கினால் ஐந்து நிமிடமாவது விட்டுப் போடுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம், சில நொடி உறுமல், மறுபடி ‘டக்’, அப்புறம் அமைதி. சில நிமிடம் கழித்து அதே கதை. கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. கோடை மாலைகளில் வோல்டேஜ் இறங்கினாலும் இப்படி ஆகும். ஸ்டெபிலைசர் காட்டும் எண் 230-க்குப் பக்கத்தில் இருந்தும் இதே நிலை என்றால் கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலேவின் மேல் சந்தேகப்படலாம். அதை உருவிக் குலுக்கும்போது உள்ளே உடைந்த சில்லு போலக் கலகலத்தால் போய்விட்டது என்று அர்த்தம். விலை குறைந்த பாகம்தான். பலர் இதற்காகக் கம்ப்ரசரையே மாற்றியிருக்கிறார்கள்! இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் இந்த ரிலே கிடையாது, எலக்ட்ரானிக் போர்டுதான் அதை ஓட்டுகிறது. அதில் நாம் கை வைக்க வேண்டாம்.

தொட்டால் ஷாக் அடிக்கிறதா? கீழே ரப்பர் பாய் விரித்துச் சமாளிப்பது மருந்தல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த்தையும் ஃபிரிட்ஜின் வயரிங்கையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

படி 2: கதவும் கேஸ்கட்டும்

கதவு விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டைதான் கேஸ்கட். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இழுபட்டு வந்தால் பரவாயில்லை. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. நான்கு பக்கமும் சோதியுங்கள்.

நம் வீடுகளில் கேஸ்கட்டின் முதல் எதிரி இட்லி மாவு. பொங்கி வழிந்த மாவு மடிப்புக்குள் காய்ந்து கெட்டிப்பட்டு, கதவை ஒட்டவிடாமல் செய்யும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். பட்டை விறைத்து வளைந்திருந்தால் சூடான நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், இளகி நேராகும். கிழிந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிப் புதிது வாங்க வேண்டும்.

கதவை மூடியபின் விளக்கு அணைகிறதா என்பதும் முக்கியம். போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி எடுத்துப் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கதவு சுவிட்ச் கெட்டிருக்கிறது.

படி 3: சூடு வெளியேற வழி

உள்ளேயிருந்து எடுத்த சூட்டை ஃபிரிட்ஜ் வெளியே தள்ளியாக வேண்டும். பழைய மாடல்களில் பின்னால் கறுப்புக் கம்பிவலை தெரியும். அதில் படியும் ஒட்டடையைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். புதியவற்றில் அந்தக் குழாய் பக்கச்சுவருக்குள் இருக்கிறது. அதனால்தான் பக்கவாட்டில் சுடுகிறது, அது நோயல்ல. ஆனால் இருபுறமும் பீரோவும் சுவரும் நெருக்கினால், அல்லது பக்கங்களை மூடும் அலங்காரத் துணி போட்டால், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். கையகல இடைவெளி விடுங்கள்.

உள்ளே இருக்கும் திருகு எண்ணைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 1 முதல் 7 வரை இருந்தால் 7தான் அதிகக் குளிர். அது வெப்பநிலை அல்ல. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் இருந்தால் நலம். ஃப்ரீசருக்குச் சுமார் மைனஸ் 18 வேண்டும். அளவு சரியாக இருந்தால் ஃபிரிட்ஜில் குறையில்லை. கொதிக்கும் சாம்பாரை அப்படியே உள்ளே வைக்கும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

படி 4: தண்ணீர் தேங்கினால்

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா? பின்சுவரின் அடிப்பகுதியில், தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கறிவேப்பிலைக் காம்பு ஒன்று போதும் அடைக்க. ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை அழுத்தமாகப் பீய்ச்சுங்கள். கூரான கம்பி வேண்டாம். அந்த நீர் பின்னால் கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். வாரம் ஒருமுறை தட்டைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, பழையபடி பொருத்துங்கள்.

படி 5: பனி

டைரக்ட் கூலில் பனி கால் அங்குலம் கட்டுவதற்குள் கரைத்துவிட வேண்டும். பட்டனை அழுத்துங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வையுங்கள். அவசரமென்றால் உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைக்கலாம். கத்தி, ஸ்பூன், ஸ்குரூடிரைவர் எதுவும் கூடாது. ஃப்ரீசர் சுவர் மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் உண்மையாகவே கேஸ் போவதற்கு இந்தக் குத்தல் ஒரு பெரிய காரணம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் வரும் பிரச்சினை வேறு: மேலே ஐஸ் உறைகிறது, கீழே பால் திரிகிறது. கேஸ் குறைந்தது போலவே தோன்றும். முதலில் காற்று வரும் துளைகளைப் பாத்திரமோ கீரைக்கட்டோ மறைக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஃப்ரீசர் கதவைத் திறந்துவைத்து அதன் சுவிட்சை விரலால் அழுத்துங்கள். கம்ப்ரசர் ஓடும்போது ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் சரியென்றால், எல்லாவற்றையும் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளை ஒரு நாள் முழுக்கத் திறந்து போடுங்கள். பிறகு ஓட்டினால் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, மறுபடி கீழே குளிர் நின்றுபோகிறதா? அப்படியானால் காயிலில் பனி பாறையாகக் கட்டிக் காற்றை மறிக்கிறது. டிஃப்ராஸ்ட் ஹீட்டர், பைமெட்டல், ஃபியூஸ், டைமர் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கும். மெக்கானிக்கிடம் “டிஃப்ராஸ்ட் லைனைப் பாருங்க” என்று சொல்லியே கூப்பிடுங்கள். அவர் பேச்சே மாறும்.

படி 6: இப்போது கேஸ்

கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி படர்ந்து மற்ற இடம் வெறுமையாக இருக்கிறது, அல்லது எங்குமே பனியில்லை, பக்கச்சுவரும் சுடவில்லை என்றால் கேஸைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. கேப்பில்லரி குழாய் அடைத்தாலும் இதே அடையாளங்கள் வரும். இது நம் வேலை அல்ல. ஆனால் நான்கு கேள்விகள் கேட்கலாம். ஓட்டை எங்கே? அதை அடைத்தாயிற்றா? ஃபில்டரைப் புதிதாகப் போட்டீர்களா? வேக்யூம் பம்ப் ஓட்டினீர்களா? ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அது மறுபடி வெளியேறிவிடும். லேபிளில் உள்ள கேஸைத்தான், எடைபோட்டு ஏற்ற வேண்டும். ஆர்-600ஏ என்றால் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும். கழற்றிய பழைய பாகங்களையும் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது கைவிடலாம்?

பக்கச்சுவரின் ஃபோமுக்குள் புதைந்த குழாயில் ஓட்டை, கூடவே பத்து வயதைத் தாண்டிய ஃபிரிட்ஜ் என்றால் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. ரிலே, கேஸ்கட், ஃபேன், ஹீட்டர் போன்றவை என்றால் வயதைப் பாராமல் சரிசெய்யலாம். தூக்கிப் போடுவதாக முடிவெடுத்தால் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அதுவரை வாசலிலோ மாடியிலோ கிடக்கும் என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள். விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால் மூச்சுத் திணறி உயிரே போய்விடும்.