போடியிலிருந்து ஏலமலை வரை: எங்கே தங்குவது? முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாங்காக்குக்கோ கோலாலம்பூருக்கோ முதல்முறை போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடு, மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். போடிநாயக்கனூரிலும் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அந்த யோசனை இங்கே அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கொண்டை ஊசி வளைவு, மாநில எல்லை, யானை, மழை என்று ஒவ்வொன்றும் குறுக்கே வரும். அறையின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் விடியும்போது எங்கே நிற்க விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அறை தானாக அமையும்.

படி 1: வரைபடத்தை நம்புவதை நிறுத்துங்கள்

கைபேசி வரைபடத்தில் குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே விரல் அகலம்கூட இருக்காது. ஒருகாலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாக நேராகக் குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போனது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில்பாதையை 1924 வெள்ளம் அழித்துவிட்டது. கம்பிவடமும் இன்று இல்லை. இப்போது குரங்கணியிலிருந்து வண்டியில் டாப் ஸ்டேஷன் போக வேண்டுமானால் போடிக்குத் திரும்பி, போடிமெட்டு ஏறி, மூணாறு போய், மாட்டுப்பட்டி வழியாகச் சுற்ற வேண்டும். ஒரு பகலே போய்விடும்.

கொழுக்குமலையும் இப்படித்தான். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போடியில் அறை போட்டுவிட்டு, காலையில் கொழுக்குமலை சூரிய உதயம் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

படி 2: முதல் இரவைப் போடியில் கழியுங்கள்

மூணாறு போகிறவர்களுக்குப் போடி என்பது டீ குடிக்க நிறுத்தும் ஊர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் வரும் ரயில் காலையில் போடியில் இறக்கிவிடுகிறது. மதுரையிலிருந்தும் ரயில் உண்டு. 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக மூடிய தடம், 2023 ஜூனில்தான் போடி வரை மறுபடி திறந்தது. இரவெல்லாம் ரயிலில் வந்த உடம்போடு அப்படியே போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் குழந்தைகளும் பெரியவர்களும் வாந்தியெடுத்துக்கொண்டுதான் மேலே போய்ச் சேருவார்கள்.

போடி வியாபார ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் இது ஒன்று, மற்றது இடுக்கி மாவட்டத்துப் புத்தடி. இங்குள்ள லாட்ஜ்கள் சுற்றுலாக்காரர்களை நினைத்துக் கட்டியவை அல்ல. பளபளப்பு இருக்காது, வாடகை மலையைவிடக் குறைவு, பக்கத்திலேயே நல்ல பரோட்டாவும் கிடைக்கும். கொஞ்சம் வசதி கூடுதலாக வேண்டுமானால் 15 கிலோமீட்டர் தள்ளித் தேனியில் தங்கலாம்.

லாட்ஜில் அறை கேட்கும்போது பேருந்து நிலையத்தைப் பார்த்த பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். விடியுமுன்னே தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கிளம்பிவிடும். அந்தக் காட்சியைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுவது வேறு விஷயம். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போவதைப் பார்த்தால்தான் பாயசத்தில் போடும் ஏலக்காய் யார் கையால் வருகிறது என்று தெரியும்.

படி 3: தேயிலைப் பக்கமா, ஏலப் பக்கமா?

முதல்முறை வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ‘எஸ்டேட் தங்கல்’ என்று விளம்பரம் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தேயிலை திறந்த வெயிலில் வளர்வது. சின்னக்கானல், சூரியநெல்லி பக்கம் அறை எடுத்தால் சன்னலைத் திறந்ததும் சரிவும் பள்ளத்தாக்கும் தெரியும். ஏலம் அப்படியல்ல, அதற்குப் பெருமரங்களின் நிழல் வேண்டும். பூப்பாறை, சாந்தம்பாறை பக்கத்து ஏலத்தோட்டத்து வீட்டில் தங்கினால் நாலு புறமும் மரமும் தலைக்கு மேலே உயர்ந்த ஏலச்செடியும்தான். காட்சி கிடையாது. பகலிலும் மங்கலான வெளிச்சம், ஈரம், துவைத்த துணி காயாது, மழைக்காலத்தில் அட்டை ஏறும். காட்டுக்குள் இருக்கும் அமைதி பிடிக்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. படம் எடுத்துப் போடத்தான் வந்தோம் என்றால் தேயிலைப் பக்கமே போய்விடுங்கள்.

ஏலத்தோட்டத்தில் தங்குவதாக முடிவு செய்தால் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, நாங்கள் வரும் நாளில் மருந்து அடிப்பீர்களா? ஏலம் பூச்சிமருந்து அதிகம் வாங்கும் பயிர். குழந்தைகளோடு போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். இரண்டு, ஸ்டோரைப் பார்க்க முடியுமா? பச்சைக்காயைச் சூட்டில் காயவைக்கும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோவாகும். செப்டம்பர், அக்டோபரில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது போனால், தோட்டம் முழுக்க அந்த வாசனைதான்.

படி 4: கொழுக்குமலைதான் நோக்கம் என்றால் சூரியநெல்லி

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜீப் விடியுமுன், நான்கு மணி வாக்கில் கிளம்பும். சொந்தக் காரில் போக முடியாத கல்பாதை. போடியில் தூங்கினால் நள்ளிரவு தாண்டியதுமே எழுந்து, இருட்டில் மலைப்பாதை ஏறி, யானை நடமாடும் ஆனையிறங்கல் சாலையைக் கடக்க வேண்டும். வேண்டாம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, அடுத்த மாதமே கம்பம் நகரத்துக்குள் வந்து நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது போன பிறகும் அந்தப் பகுதியில் யானைகள் இருக்கின்றன. அறை எங்கே எடுத்தாலும் இருட்டுமுன் போய்ச் சேருங்கள். சாலையிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

படி 5: குரங்கணி, பகலுக்கு மட்டும்

போடியிலிருந்து முக்கால் மணி நேரம். கொட்டகுடி ஆறு, மாந்தோப்பு, மலையடிவாரம் என்று அழகான ஊர். தங்கும் வசதி குறைவு. பகலில் போய்விட்டுப் போடிக்குத் திரும்புவதே சரி.

மலையேற்றத்துக்காகத் தங்குகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். கோடையில், காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில், வனத்துறை பாதைகளை மூடிவிடும். ‘நான் கூட்டிப் போகிறேன் சார், யாருக்கும் தெரியாது’ என்று விடுதிக்காரர் சொன்னால் அந்த விடுதியையே மாற்றுங்கள்.

படி 6: மாதம் பார்த்து அறை எடுங்கள்

தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும். போடியில் காற்றும் சாரலும்தான். அந்த மாதங்களில் கீழே தங்கி, வெயில் வந்த நாளில் மேலே போய்வருவது புத்திசாலித்தனம். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டுப் பக்கச் சரிவில் கனமழை பெய்து, அடிவாரத்து முந்தலுக்கு மேலே பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது உண்டு. அப்போது மேலே அறை எடுத்திருந்தால் கம்பம்மெட்டு அல்லது குமுளி வழியாக இறங்க ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். டிசம்பர் கடைசியில் வாடகை ஏறும், கூட்டமும் ஏறும். நல்ல குளிருக்கும் தெளிந்த வானத்துக்கும் ஜனவரி.

படி 7: பணம் கட்டுமுன்

வெந்நீர் எத்தனை மணி வரை வரும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, கார் வீட்டு வாசல் வரை வருமா, மலைப்பாதை மூடினால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். வாடகை வண்டியில் போகிறவர்கள் கேரள அனுமதி எடுத்தாயிற்றா என்று ஓட்டுநரிடம் முந்தலுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

முதல்முறை குடும்பத்தோடு வருகிறவர்கள் போடியில் ஓர் இரவு, சூரியநெல்லிப் பக்கம் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டில் தங்க வேண்டியதில்லை. மூடுபனியில் ஒரு டீயும் சூடான பஜ்ஜியும் சாப்பிட அரை மணி நேரம் நின்றால் போதும். இறங்கும் நாளில் மாலை நாலு மணிக்கு முன்பே போடிமெட்டைத் தாண்டிவிடுங்கள். அதற்குப் பிறகு தோட்டத்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக இறங்கும், அந்த ஓட்டுநர்களுக்கு வளைவுகள் மனப்பாடம், உங்களுக்கு அல்ல.