எந்தச் சட்டத்தின்படி?

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டு அமர்த்திய அரசு ஒரு முடிவெடுத்தால், ஒரு ஓட்டுகூட வாங்காத நீதிபதி அதைச் செல்லாது என்று சொல்வது எப்படி நியாயம் என்று கேட்டிருக்கிறாய். ரிட் மனுக்களோடு காலம் தள்ளுகிற உன் பெரியம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பதிலாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதில் வருகிறவர்கள் கிட்டத்தட்ட உன் வயதுப் பிள்ளைகள்.

கேரளத்தில் கோட்டயம் பக்கம் கிடங்கூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பள்ளியில் அண்ணனும் இரண்டு தங்கைகளுமாக மூன்று பேர் படித்தார்கள். ஒருவர் பத்தாவது, ஒருவர் ஒன்பதாவது, கடைக்குட்டி ஐந்தாவது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் தொடங்கியதும் மூவரும் மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாடமட்டும் மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தொழுவதைத் தவிர வேறெந்தச் சடங்கிலும் சேரக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய அக்காமார்களும் முன்பு அதே பள்ளியில் இப்படியே நின்று படித்து முடித்தவர்கள்தான். யாரும் குறை சொன்னதில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்தார். பேச்சு சட்டமன்றம்வரை போயிற்று. விசாரிக்க ஆணையம் போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அதன் அறிக்கை சொன்னது. ஆனாலும் கல்வி அதிகாரியின் உத்தரவுப்படி ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூவரையும் பள்ளியைவிட்டு நீக்கினார்.

தகப்பனார் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். டிவிஷன் பெஞ்சும் தள்ளியது. கீதத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்து, யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல் இதில் இல்லையே என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம். எம். தத்தும் விசாரித்து 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவருடைய நம்பிக்கை நம் அறிவுக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வியே அல்ல. அவர் அதை மனசாட்சியோடு உண்மையாக நம்புகிறாரா என்பதுதான் கேள்வி என்றார்கள்.

அடுத்ததாக அவர்கள் கேட்டதைத்தான் நீ ஊன்றிக் கவனிக்க வேண்டும். எந்தச் சட்டத்தின்படி இந்தப் பிள்ளைகளை நீக்கினீர்கள்? தேசிய கௌரவத்துக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது, பாடுகிறவரைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும் தண்டிக்கிறது; எழுந்து நின்று வாய்மூடி இருப்பவரைத் தொடவில்லை. மிச்சம் இருந்தவை கல்வித்துறையின் இரண்டு சுற்றறிக்கைகள். சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அதை வைத்து அடிப்படை உரிமையில் கை வைக்க முடியாது. கட்டாயப்படுத்திப் பாடவைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமைக்கும் 25ஆம் பிரிவு தரும் மனசாட்சி உரிமைக்கும் விரோதம் என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார்கள்.

யோசித்துப் பார், கயல். அந்த மூன்று பிள்ளைகள் எந்தத் தேர்தலில் நின்று ஜெயித்து இந்த உரிமையை வாங்கியிருக்க முடியும்? அவர்களுக்கு ஓட்டே கிடையாது. அவர்கள் பிரிவைச் சேர்ந்தவர்கள் ஒரு தொகுதியைக்கூடத் தீர்மானிக்கும் அளவுக்கு இல்லை. பெரும்பான்மையிடம் தோற்றாலும் பறிபோகாதவை என்று சிலவற்றை அரசமைப்புச் சட்டம் தனியே எழுதிவைத்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அதைக் காக்கிறவர் ஓட்டுக்காகக் காத்திருப்பவராக இருந்தால் காக்க முடியாது.

எந்தச் சட்டத்தின்படி என்ற அந்தக் கேள்வியை நீதிமன்றம் எப்போதும் கேட்டுவிடுகிறது என்று எண்ணிவிடாதே. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களை விசாரணையின்றிச் சிறையில் வைத்தார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவர்களுடைய ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றன. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எச். ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலைப் பார்த்து, ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் இல்லையா என்று கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே பதில். 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். மறு ஆண்டு அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1978இல் 44ஆவது திருத்தம் வந்தபிறகு, எந்த நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவு உரிமையை முடக்க முடியாது என்றாயிற்று. அந்தத் தீர்ப்பே தவறு என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்தது 2017இல்தான், அந்தரங்க உரிமை வழக்கில். இடையில் 41 வருஷம்.

அதனால்தான் நீதிபதிகள் நல்லவர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. கேள்வியோடு ஒருவர் போய் நின்றால்தான் நீதிமன்றம் வாய் திறக்கும். 32ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் நாடுவது 226ஆம் பிரிவு தரும் உயர் நீதிமன்ற வழிதான். நமக்குச் சென்னையிலும் இருக்கிறது, மதுரைக் கிளையிலும் இருக்கிறது. அடிப்படை உரிமை மட்டுமல்லாமல் மற்றச் சட்ட உரிமைகளுக்கும் அங்கே ரிட் போடலாம். வக்கீல் செலவுக்கு எங்கே போவது என்று உன் தோழி கேட்டாளாமே, அவளிடம் சொல்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
பெரியம்மா