ரப்பரின் எடையும் வியாபாரியின் நாணயமும்

விவசாயிகளின் விளைபொருளுக்குச் சந்தை தேடித்தர நம் நாட்டில் 1965-இல் பாமா என்னும் ஸ்தாபனமும், ரப்பர்ச் சிறுதோட்டக்காரர் நலனுக்கென 1973-இல் ரிஸ்டாவும் ஏற்பட்டன. ஸ்தாபனங்கள் வழிகாட்டலாம், தராசு நிற்பதோ வாங்குவோர் கடையில்!

கட்டிப்பாலில் நீரும் கலந்திருக்கும். விலையோ உலர்ந்த ரப்பருக்கே. 100 கிலோவில் உலர்ந்த ரப்பர் 50 கிலோ இருக்க, நாம் 45 என்று மதிப்பிட்டால், 5 கிலோவின் விலை தோட்டக்காரருக்கு நஷ்டம். அவர் மண்ணோ நீரோ சேர்த்தால் நஷ்டம் நமக்கு.

ஆகவே, சகோதர வியாபாரிகளே! கண்மதிப்பை விட்டு, மாதிரி எடுத்து உலர்த்திப் பார்த்து, சதவீதத்தைச் சிட்டையில் எழுதிக் கொடுப்போமாக. இன்று 5 கிலோவைச் சம்பாதித்து, நாளை வாடிக்கைக்காரரையே இழப்பது வியாபாரமாகுமா?