குரோஷா ஊசிக்கு வயது கேட்டால்

கே.ஜி.எஃப்.பில் பழைய வீடு ஒன்றைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா இறங்கும். உள்ளே பித்தான்கள், நூல்கண்டு, துருவேறிய ஊசிகள். அவற்றுக்கு நடுவே நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசிகள் ஒன்றிரண்டு. அவை பெரும்பாலும் எடைக்குப் போய்விடும். பங்காருபேட்டையிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் வாங்கி விற்கப் பார்க்கிறீர்களா? அந்த டப்பாவைக் கொஞ்சம் நிதானமாகக் கிளறுங்கள்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இந்த நூற்றிருபது வருடங்களில் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்களோடு தையல் பெட்டிகளும் வந்து போயின. அதனால் இந்த ஊரில் விற்பவர் வாயில் எல்லாமே ‘பிரிட்டிஷ் காலம்’தான். கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், வயதை ஊசியிடம் கேளுங்கள்.

கையில் இரண்டு பொருள் போதும்: ஒரு காந்தம், தட்டார் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ். காந்தம் ஒட்டினால் எஃகு. மெல்லிய எஃகு ஊசியைச் சன்ன நூல் லேஸுக்குப் பயன்படுத்தினார்கள். அது விக்டோரியா காலத்திலும் உண்டு, நேற்றும் உண்டு. எனவே எஃகை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. ஒட்டாமல், எடையே இல்லாமல் இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் வழி 1886இல்தான் கிடைத்தது. அலுமினிய ஊசியைக் காட்டி ‘பாட்டியின் பாட்டி வைத்திருந்தது’ என்றால் சிரித்துவிட்டு விலையைக் குறையுங்கள்.

வெள்ளைக் கைப்பிடியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். லென்ஸில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரிந்தால் எலும்பு. ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம், அதைத் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். இரண்டுமில்லாமல் வழவழவென்று இருந்தால் செல்லுலாய்டாக இருக்கலாம். விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். சிலர் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும், வேண்டாம்.

அடுத்து எழுத்து. ‘மில்வர்ட், 1730’ என்று அட்டையில் பார்த்ததும் துள்ளாதீர்கள். அது ரெட்டிச் நகரத்து ஊசிக் கம்பெனி தொடங்கிய வருடம். குரோஷா ஐரோப்பாவில் பெரிதாகப் பரவியதே 1840களில்தான். ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிற்பட்டது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட வருடம் அது. அளவு மில்லிமீட்டரில் மட்டும் இருந்தால், அந்த இங்கிலாந்து ஊசி அநேகமாக 1970களுக்கு இப்பால்.

‘போனி’ என்று இருந்தால்? அது சீமைச் சரக்கல்ல, நம் நீலகிரிச் சரக்கு. அதைத் தயாரிக்கும், கேத்தியில் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் 1949இல் தொடங்கியது. ஊசி அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

ஆரி ஊசியையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். துணியைக் குத்தி இறங்க வேண்டிய ஊசி அது, நுனி கூர்மையாக இருக்கும். குரோஷா ஊசியின் தலை மழுங்கலாக இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை துறுதுறுக்கும்: புளி போட்டுத் தேய்க்கலாமா, உப்புத்தாள் பிடிக்கலாமா என்று. நான் முதலில் வாங்கிய ஊசியைப் பளபளவென்று ஆக்கினேன். கைப்பிடி அருகே மங்கலாக இருந்த எண்ணும் அதோடு போய்விட்டது. வாங்க வந்தவர் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பழசாக இருக்க இருக்க லாபம் என்றும் நினைக்க வேண்டாம். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கைவினைப் பொருளும் தொல்பொருளாகலாம். அப்படியானால் விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சந்தேகமிருந்தால் பார்சல் கட்டுவதற்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கேளுங்கள்.

விற்கும்போது சீட்டில் ஒற்றை வருடத்தை எழுதாதீர்கள். ‘எஃகு, எலும்புக் கைப்பிடி, இங்கிலாந்து முத்திரை, 1890க்குப் பின்’ என்று எழுதுங்கள். வாங்குகிறவர் ‘பின் என்றால் எவ்வளவு பின்?’ என்று கேட்பார். லென்ஸை அவர் கையில் கொடுங்கள்.