ஊசலும் மதிப்பெண்ணும்
(இயற்பியல் செய்முறைத் தேர்வை முன்வைத்து)

தமிழ் பயிற்றும் ஒருவனுக்கு இயற்பியல் தேர்வைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று வினவுவோர் இருக்கலாம். வினா நியாயமானதே. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்முன் அமரும் இளநிலை இயற்பியல் மாணவர்களின் ரெக்கார்டு ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அடித்தல் திருத்தல் இல்லாத அழகிய ஏடுகள். தனி ஊசல் சோதனையின் முடிவில் புவியீர்ப்பு முடுக்கம் 9.80 என்றோ 9.81 என்றோ எல்லா ஏடுகளிலும் காண்கிறேன். நாற்பது பேர் தனித்தனியே அளந்தால் நாற்பது விடைகளும் ஒன்றுபோல் வாரா என்பது இயற்பியல் அறியாதவனுக்கும் விளங்கும்.

தேர்வுச் சீர்திருத்தம் பற்றி நம் நாட்டில் பேசாத குழு இல்லை. 1948இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் முதலில் திருத்த வேண்டியது தேர்வையே என்று கருதியது. டாக்டர் ஜாகிர் உசேன் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு அகமதிப்பீட்டை வலியுறுத்தியது. 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு பத்துப் புள்ளித் தரவரிசையை வகுத்தது. அதில் உச்சத் தரத்திற்குப் புள்ளி 10, தேர்ச்சியின் கடைநிலைக்கு 4. அகத்துக்கு 25, புறத்துக்கு 75 என்னும் பங்கீட்டைக் கொங்கு நாட்டு மாணவர் பலர் அறிவர். இவையெல்லாம் மதிப்பெண்ணை எப்படிப் பங்கிடுவது, எப்படிப் புள்ளியாக மாற்றுவது என்பன பற்றியவை. எதற்காக மதிப்பெண் தருகிறோம் என்ற வினா ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

என் மேனிலைப் பள்ளிக் காலத்தில் நிகழ்ந்தது இது. செய்முறைத் தேர்வில் எனக்குத் தனி ஊசல் வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் விடை 9.64. அங்கு உதவிக்கு நின்றவர் மெல்ல அருகில் வந்து, "தம்பி, விடை சரியா வரலைன்னா மார்க் போயிரும், நேரத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணி எழுதிக்கோ" என்றார். அவர் என்மேல் கொண்ட பரிவை நான் குறைகூற மாட்டேன். 9.8இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரங்களை எழுதினேன். முழு மதிப்பெண் வந்தது. விடையிலிருந்து வினாவுக்கு நடக்கும் அந்த வித்தையை ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அந்த 9.64 அத்துணைப் பெரிய குற்றமா? இயற்பியல் துறை நண்பர் ஒருவருடன் அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் இருபது அலைவுகளை முடிக்க ஏறத்தாழ 40.18 நொடிகள் ஆகும். கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 நொடி முந்தினாலும் பிந்தினாலும் விடை 9.68க்கும் 9.88க்கும் இடையே அலையும். நூலின் நீளத்தை அளப்பதில் நேரும் பிழையைச் சேர்த்தால் எல்லை இன்னும் விரியும்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று. புவியீர்ப்பு முடுக்கம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. துருவத்தில் அது 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. இலண்டன் நகரில் 9.81. நம் அந்தியூரோ நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய பதினொன்றரைப் பாகையில் இருக்கிறது. இங்கு அதன் அளவு சுமார் 9.78. ஆகவே அந்தியூர்ப் பிள்ளை ஒருவன் கருத்தூன்றி அளந்து 9.78 என்று கண்டு, அதை அடித்துவிட்டு 9.81 என்று எழுதினால், தன் ஊரின் உண்மையை அழித்து இலண்டனின் உண்மையை எழுதுகிறான். அதற்கு நாம் மதிப்பெண்ணும் தருகிறோம்!

இங்கே தமிழாசிரியனாக ஒரு சொல். 'பிழை' என்பது நம் மொழியில் குற்றத்தையும் குறிக்கும். பிழை பொறுக்க வேண்டுகிறோம், எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையில் கோடிடுகிறோம். இயற்பியலார் அதே சொல்லை அளவீட்டின் நிச்சயமின்மைக்கு வைத்தனர். அளக்கும் கருவிக்கும் கைக்கும் உள்ள எல்லை அது. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் மாணவன் செவியில் பழைய பொருளே ஒலிக்கிறது. 'பிழை' என்ற தலைப்பிட்ட பத்தியைக் கண்டதும் அதை வெறுமையாக்கவே அவன் விழைகிறான்.

பெரியோரும் இதற்கு விலக்கல்லர். மின்னணுவின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த மில்லிகன் 1913இல் வெளியிட்ட அளவு, கூலூம் அலகில் கூறின், 1.592 × 10⁻¹⁹. இன்று நாம் கொள்வது 1.602 × 10⁻¹⁹. காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட அளவு சற்றுத் தவறானது. பின்வந்தோரின் அளவுகள் ஒரே பாய்ச்சலில் திருந்தவில்லை. சிறிது சிறிதாகவே மேலேறின. ரிச்சர்டு ஃபைன்மன் 1974இல் கால்டெக் நிறுவனப் பட்டமளிப்பு விழாவில் இதனை எடுத்துரைத்தார். மில்லிகனின் எண்ணுக்கு மிக விலகி வந்தால் தம் சோதனையில் குறை தேடினர்; ஒட்டி வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. அறிஞர்களுக்கே இந்நிலை என்றால், மதிப்பெண்ணை நம்பியிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையை என்ன சொல்வது?

விடைக்கென ஒதுக்கும் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, அளக்கும்போதே மையால் எழுதிய அட்டவணைக்கும், பிழையின் எல்லையைக் கணிப்பதற்கும், "உன் விடை ஏன் விலகியது?" என்ற வாய்மொழி வினாவுக்கும் தரலாம் என்பது என் கருத்து. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சில மணி நேரத்தில் பலரை மதிப்பிட வேண்டியிருப்பதால், விடையைப் பார்ப்பதே அவருக்கு எளிது. அவரை நோவானேன்? அகமதிப்பீட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்பர். அதில் வேறு சிக்கல். சிற்றூரில் ஆசிரியரும் பெற்றோரும் சந்தையிலும் திருமணப் பந்தலிலும் முகம் பார்க்க வேண்டியவர்கள். "நம்ம பையனுங்க சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்ற சொல்லை மறுப்பது எளிதன்று. ஆகவே 25க்கு 24 பெருகி, உழைத்தவனும் உழையாதவனும் ஒன்றாகிறார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, பரிந்துரைக்க ஆளின்றி நிற்கும் மாணவனுக்கே இழப்பு. நேர்மையாக எழுதிய அட்டவணை கையில் இருந்தால், அதைக் காட்டி மதிப்பெண் கேட்க அவனுக்கும் வாய் இருக்கும். மறுக்க ஆசிரியருக்கும் சான்று இருக்கும்.

கோவைப் பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரி போல 1978லேயே தன்னாட்சி பெற்றவை தம் வினாத்தாளையும் மதிப்பீட்டையும் தாமே வகுத்துக்கொள்ளலாம். பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற பிற கல்லூரிகள் பாடத்திட்டக் குழு வழியாகவே இதைக் கேட்க வேண்டும், காலம் பிடிக்கும். அதுவரை எவர் அனுமதியும் வேண்டாத செயல் ஒன்றுண்டு. ரெக்கார்டு எழுதும் முன், வகுப்பில் நாற்பது பேர் கண்ட நாற்பது விடைகளையும் அவரவர் பெயரோடு கரும்பலகையில் எழுதிவிடலாம். 9.64 கண்டவன் பெயரும் அதில் இருக்கும். அதைப் பார்த்த பின்பே அனைவரும் பேனாவைத் திறக்கட்டும்.